சைக்கிளில் போகிறவர் பிறர் கண்ணில் பட: விளக்கு, பட்டை, உடை – படிப்படியாக

எட்டு மாதம் பின் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் சைக்கிள் ஓட்டினேன். கிளம்பும்போது பொத்தானை அழுத்துவேன், சிவப்பு எரியும், ஏறி உட்காருவேன். ஒரு மழை இரவில் எனக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த நண்பர், இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: “நீ விளக்கே வாங்கவில்லையா?” குனிந்து பார்த்தேன். விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது, மழைக்கோட்டின் தொங்கலுக்கு உள்ளே. மழை பெய்யாத நாட்களில் அதே வேலையைக் கேரியரில் கட்டிய பை செய்திருக்கிறது. எட்டு மாதமும் அந்தப் பைக்குத்தான் வெளிச்சம் காட்டியிருக்கிறேன்.

அதற்குள் மூன்று விளக்குகள், ஒரு மஞ்சள் மேலங்கி என்று பணமும் கணிசமாகப் போயிருந்தது. இப்போது புதிதாக ஓட்டத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும்போது சொல்வதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இதில் பாதி, எதை வாங்கக் கூடாது என்பதுதான்.

1. வாங்குவதற்கு முன் உங்கள் பாதையை எழுதுங்கள்

ஒரு வாரம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள், வழியில் எங்கெல்லாம் தெருவிளக்கு இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஐந்து வரி போதும். இதைச் செய்யாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் காட்டுகிற மிகப் பிரகாசமான முன் விளக்கை வாங்கிக்கொண்டு வருவீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். என் பாதை முழுவதும் தெருவிளக்கு எரிகிறது.

விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. நீங்கள் சாலையைப் பார்ப்பது ஒன்று, பிறர் உங்களைப் பார்ப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு விலை அதிகம். இரண்டாவது வேலைக்குச் செலவு குறைவு, ஆனால் கவனம் அதிகம் வேண்டும். தெருவிளக்கு உள்ள சாலையில் முதல் வேலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

2. சட்டம் என்ன கேட்கிறது என்று ஒருமுறை பாருங்கள்

சாலைப் போக்குவரத்து குறித்த 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, சைக்கிளின் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கும், கூடவே ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும் (தன் மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் வில்லை) வேண்டும் என்கிறது. பல நாடுகளின் விதிகள் இதை ஒட்டியே இருக்கின்றன. விளக்கு மின்னலாமா, நிலையாக எரிய வேண்டுமா, பெடலில் ரிஃப்ளெக்டர் கட்டாயமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் ஓட்டும் ஊரின் போக்குவரத்து விதிகளில் சைக்கிள் பற்றி இருப்பதைத் தேடிப் படித்துவிடுங்கள்.

எங்கே ஓட்டினாலும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். முன்னால் சிவப்பு வேண்டாம், பின்னால் வெள்ளை வேண்டாம். சிவப்பைப் பார்க்கிறவர், தனக்கு முன்னால் அதே திசையில் ஒரு வண்டி போகிறது என்று கணக்குப் போடுகிறார். அழகுக்காகச் சக்கரத்தில் பல வண்ண விளக்குச் சரம் சுற்றுகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் குழப்புகிறார்கள்.

3. முதலில் பின் விளக்கு

பணம் குறைவாக இருந்தால் பின் விளக்கில் தொடங்குங்கள். எதிரே வருகிற வண்டியை நீங்களும் பார்க்கிறீர்கள், ஒதுங்கலாம். பின்னால் வருகிறவர் விஷயத்தில் உங்களால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி ஆனால்கூட 25 மீட்டர் போய்விட்டது, வேகம் இன்னும் குறையவே தொடங்கவில்லை. அதனால் பின் விளக்கு நூறு நூற்றைம்பது மீட்டரிலிருந்தே தெரிய வேண்டும்.

மின்னும் விளக்கா, நிலையாக எரியும் விளக்கா என்று பெரிய விவாதமே நடக்கும். மின்னுவது கண்ணைச் சட்டென்று இழுக்கும். ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதை அதை வைத்துக் கணிப்பது கடினம். நிலையாக எரிவது நேர்மாறு. என் தீர்வு எளிது: இரண்டு சாதாரண பின் விளக்குகள், ஒன்று நிலையாக எரியும், மற்றது மெதுவாக மின்னும். ஒன்று வழியில் அணைந்துவிட்டால் மற்றது வீடு சேர்க்கும். விலை உயர்ந்த ஒற்றை விளக்கைவிட இதை நான் விரும்புவதற்கு அதுதான் உண்மையான காரணம்.

நண்பர்களுடன் வரிசையாகப் போகும்போது மின்னுவதை நிறுத்திவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

4. முன் விளக்கு: பெட்டியில் உள்ள எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது லூமென். விளக்கிலிருந்து மொத்தமாக வெளியேறும் ஒளியின் அளவு அது. அந்த ஒளி சாலையில் விழுகிறதா, மரக்கிளையில் விழுகிறதா என்பதை லூமென் சொல்லாது. சாலையில் ஓரிடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைச் சொல்வது லக்ஸ். நல்ல விளக்கின் கண்ணாடி, ஒளியின் மேற்பகுதியை வெட்டிக் கீழே திருப்பும். காரின் முகப்பு விளக்கைப் போல. டார்ச் மாதிரி வட்டமாகப் பாய்கிற விளக்கு எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைத்துவிட்டு, உங்கள் குழியைக் காட்டாமல் விட்டுவிடும்.

தோராயமான கணக்கு: தெருவிளக்கு உள்ள சாலைக்கு 100 முதல் 200 லூமென் தாராளம். இருட்டுச் சாலைக்கு 400 அல்லது அதற்கு மேல். குண்டும் குழியுமான, வளைவு நிறைந்த இருட்டுப் பாதைக்கு 600 முதல் 800. அதற்கு மேல் உள்ளவை காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு.

வாங்கும்போது விளக்கைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். ஓரங்களிலிருந்து கொஞ்சம் ஒளி கசிய வேண்டும். குறுக்குத் தெருவிலிருந்து தலைநீட்டுகிற கார்க்காரருக்கு நீங்கள் பக்கவாட்டில்தான் தெரிகிறீர்கள். அவருடைய முகப்பு விளக்கு நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், உங்கள் மேல் விழாது. அந்த நேரத்தில் உங்கள் ரிஃப்ளெக்டரும் உதவாது, உடையில் உள்ள ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டையும் உதவாது. விளக்கின் ஓரக் கசிவு ஒன்றுதான் உதவும்.

தினமும் இருட்டில் நீண்ட தூரம் போகிறவர்கள் சக்கர அச்சிலேயே அமைந்த டைனமோவை யோசிக்கலாம். வழக்கமான அளவு 6 வோல்ட், 3 வாட். தொடக்கச் செலவு அதிகம், சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் சார்ஜ் என்ற கவலை ஒழிந்தது. நின்றாலும் சில நிமிடம் எரிகிற வசதி உள்ள விளக்கைக் கேட்டு வாங்குங்கள். டயரில் உரசுகிற பழைய வகை, மழையில் வழுக்கும்; சிக்னலில் நின்றால் அணைந்துவிடும், அதாவது நீங்கள் அசையாமல் நிற்கும் நேரம் பார்த்து.

5. பொருத்துவது

எனக்கு எட்டு மாதம் தவறியது இந்தப் படிதான். விளக்கை வாங்க அரை மணி நேரம் செலவழித்தால், பொருத்த ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

பின் விளக்கின் முகம் தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சீட்டைத் தாங்கும் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதில் ரப்பர் பட்டையால் கட்டினால் விளக்கும் சாய்ந்து தரையைப் பார்க்கும். சில விளக்குகளுடன் இதற்கென்றே ஆப்பு வடிவ ரப்பர் துண்டு ஒன்று வரும். பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதைத் தேவையற்றது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நானும் முதல் விளக்கில் போட்டேன்.

பையில் மாட்டுகிற விளக்கு இன்னும் மோசம். துணிக் கொக்கியில் தொங்கும் விளக்கு, பை காலியாக இருந்தால் தரையையும், பை நிறைந்திருந்தால் வானத்தையும் பார்க்கும். இரண்டாவது விளக்காக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேரியரில் சுமை வைக்கிறவர் என்றால், விளக்கைக் கேரியரின் கடைசிக் கம்பிக்கே கொண்டுபோய்விடுங்கள். அங்கே திருகிப் பொருத்துகிற வகை தனியாகக் கிடைக்கிறது. பை எவ்வளவு உப்பினாலும், மழைக்கோட்டு எவ்வளவு தொங்கினாலும் அதை மறைக்காது. நான் கடைசியில் வந்து நின்ற இடம் அதுதான்.

முன் விளக்குக்கு ஒரு சுவர் வேண்டும். சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒளியின் நடுப்பகுதி அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே விழ வேண்டும். விளக்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளி சுமார் 25 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும் என்று பொருள். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது நாலரை விநாடித் தூரம், குழியைப் பார்த்து ஒதுங்கப் போதும். கோட்டுக்கு மேலே விழுந்தால் நீங்கள் பிறர் கண்ணைக் கூசவைக்கிறீர்கள். ஹேண்டில்பாரில் முன்கூடை வைத்திருப்பவர்கள் இதைச் செய்தால், பாதி ஒளி கூடைக் கம்பிகளிலேயே சிக்குவதைச் சுவரில் நிழலாகப் பார்ப்பார்கள்.

6. ரிஃப்ளெக்டரை அசைகிற இடத்தில் வையுங்கள்

சைக்கிளோடு வந்த ரிஃப்ளெக்டர்களைக் கழற்றாதீர்கள். பார்க்க நன்றாக இல்லை என்று கழற்றுகிறவர்கள் நிறைய. அவற்றுக்குச் சார்ஜ் வேண்டாம், மறந்து வீட்டில் வைத்துவிட்டும் வர முடியாது. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். சேறு படிந்த ரிஃப்ளெக்டர் வெறும் பிளாஸ்டிக்.

அவற்றில் மிகச் சிறந்தது பெடலில் இருப்பது. ஒரே இடத்தில் நிற்கும் சிவப்புப் புள்ளி கம்பமாக இருக்கலாம், நிறுத்திய வண்டியாக இருக்கலாம். மேலும் கீழுமாக மாறி மாறி ஏறி இறங்கும் இரண்டு புள்ளிகளைப் பார்த்த மாத்திரத்தில், யாரோ மிதித்துக்கொண்டு போகிறார் என்று மூளைக்குப் புரிந்துவிடும். மனித அசைவை அடையாளம் காண்பதில் நம் கண் அவ்வளவு தேர்ந்தது.

பெடலில் ரிஃப்ளெக்டர் இல்லாவிட்டால் கணுக்காலில் கட்டும் பட்டை வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் உள்ளவற்றிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது இதுதான். இரண்டு காலிலும், பேண்டுக்கு மேலே கட்டுங்கள். கால்சட்டை சங்கிலியில் சிக்காமல் காப்பாற்றுவது கூடுதல் லாபம். முழங்காலிலும் ஒன்று கட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

பக்கவாட்டுக்கு, சக்கரக் கம்பிகளில் மாட்டுகிற ரிஃப்ளெக்டர் அல்லது ஓரத்தில் வெள்ளி வளையம் உள்ள டயர். டயர் எப்படியும் தேயும், அடுத்த முறை மாற்றும்போது அந்த வகையைக் கேளுங்கள்.

7. உடை: பகலுக்கு வேறு, இரவுக்கு வேறு

என் மஞ்சள் மேலங்கிச் செலவு வீணானது இங்கேதான். கண்ணைப் பறிக்கிற அந்த ஃப்ளூரசன்ட் மஞ்சள், சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருகிறது. அதனால்தான் பகலிலும், மேகமூட்டத்திலும், அந்தி வேளையிலும் அது மற்றத் துணிகளைவிடப் பளிச்சென்று இருக்கிறது. சூரியன் போனதும் அந்த வித்தையும் போய்விடும். இரவில் அது ஒரு வெளிர்நிறத் துணி, அவ்வளவுதான்.

இரவுக்கு வேண்டியது சாம்பல் நிறத்தில் தெரிகிற, ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை. அதில் நுண்ணிய கண்ணாடி மணிகளோ முப்பட்டைகளோ பதிந்திருக்கும். எங்கிருந்து ஒளி வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும். ஓட்டுநரின் கண் அவருடைய முகப்பு விளக்குக்குப் பக்கத்தில் இருப்பதால் அவருக்கு அது வெள்ளையாக எரியும், தெருவோரம் நிற்கிறவருக்குச் சாம்பலாகவே தெரியும். கடையிலேயே சோதிக்கலாம். கைபேசி விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிப் பட்டையைப் பாருங்கள். எரிந்தால் உண்மையான பட்டை. வெறும் வெள்ளிச் சாயம் பூசிய போலி எரியாது. நான் வாங்கிய முதல் மேலங்கி எரியவில்லை.

இரண்டும் சேர்ந்த உடை வாங்குவதே நல்லது. நிறத்தில் ஒரு நுணுக்கம்: பசுமையான வயலும் மரமும் சூழ்ந்த சாலையில் மஞ்சள்-பச்சை பின்னணியில் கரைந்துவிடும். அங்கே ஆரஞ்சு அல்லது அடர் இளஞ்சிவப்பு எடுபடும். சாதாரணச் சிவப்புச் சட்டையை நம்பாதீர்கள். வெளிச்சம் மங்க மங்க முதலில் கறுத்துப்போகும் நிறம் சிவப்புதான்.

உடை உண்மையில் உதவுகிறதா என்று கேட்கிறவர்களுக்கு: டென்மார்க்கில் 6,793 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் மஞ்சள் ஜாக்கெட் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், பிறருடன் மோதிக் காயமடைந்த விபத்துகள் ஜாக்கெட்காரர்களிடம் 47 சதவீதம் குறைவு. விபத்துகளை அவர்களே தெரிவித்ததால் வரக்கூடிய சாய்வைச் சரிசெய்து பார்த்தபோது 38 சதவீதம். குறைத்துச் சொன்னாலும் சின்ன எண் இல்லை.

முதுகுப்பை மாட்டினால் மேலங்கியின் முதுகு முழுவதும் மறைந்துபோகும். பைக்கு மேலே போர்த்துகிற மழை உறை பளிச்சென்ற நிறத்தில், பட்டையோடு கிடைக்கும். மழை இல்லாத நாளிலும் அதைப் போட்டுக்கொண்டு போங்கள்.

8. பத்திரப்படுத்த வேண்டிய காகிதங்கள்

விளக்கின் ரசீது, உத்தரவாத அட்டை, பெட்டியின் பின்பக்கம் ஆகிய மூன்றையும் வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். பெட்டியின் பின்பக்கம் எதற்கென்றால், எந்த நிலையில் எத்தனை மணி நேரம் எரியும் என்ற அட்டவணை அங்கேதான் இருக்கும்.

தண்ணீர் தாங்கும் குறியீட்டையும் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், வழக்கமான மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ‘மழைக்கு ஏற்றது’ என்று மட்டும் எழுதி, குறியீடு இல்லாமல் வருவதை வாங்காதீர்கள். எந்தக் குறியீடும் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி மூடியிருந்தால்தான் செல்லும். அந்த மூடியை அழுத்தாமல் விட்ட என் விளக்கில், ஒரே மழைக்காலத்தில் செப்பு முனைகள் பச்சையாகப் பொரிந்துவிட்டன. உத்தரவாதமும் கிடைக்கவில்லை.

மேலங்கியின் உள்பக்கத் துணிச் சீட்டில் ஐஎஸ்ஓ 20471 அல்லது இஎன் 17353 என்ற எண் இருந்தால் அது பிறர் கண்ணில் படுவதற்கான தரத்தின்படி சோதிக்கப்பட்டது. எத்தனை முறை துவைக்கலாம் என்பதும் அங்கேயே இருக்கலாம். அந்தச் சீட்டை அரிக்கிறது என்று வெட்டி எறிய வேண்டாம்.

மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று கேட்டு, அந்தக் கெடுவுக்குள் ஓர் இரவும் ஒரு மழையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மழை வராவிட்டால் குழாயடி இருக்கிறது.

9. செலவைப் பிரிப்பது

கையில் உள்ளதைப் பத்துப் பங்காக வையுங்கள். தெருவிளக்கு உள்ள பாதை என்றால் பின் விளக்குகளுக்கு நான்கு, முன் விளக்குக்கு மூன்று, மேலங்கிக்கு இரண்டு, கணுக்கால் பட்டைக்கு ஒன்று. இருட்டுப் பாதை என்றால் முன் விளக்குக்கு ஐந்து, பின்னுக்கு மூன்று. பணம் இன்னும் சேரவில்லை என்றால் பின் விளக்கு ஒன்று, கணுக்கால் பட்டை ஒரு ஜோடி, பேட்டரி போடுகிற சின்ன முன் விளக்கு ஒன்று என்று தெருவிளக்குச் சாலையில் தொடங்கிவிடலாம்.

10. சார்ஜுக்கு ஒரு கிழமை

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் மணி நேரம், மிக மங்கலாக மின்னும் நிலைக்கு உரியது. என் விளக்கில் 20 மணி நேரம் என்று போட்டிருந்தது. முழு வெளிச்சத்தில் நிலையாக எரியவிட்டுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், மூன்று மணி பத்து நிமிடத்தில் அணைந்தது. நீங்களும் ஒருமுறை அப்படி அளந்து பாருங்கள். அந்த நேரம் தீர்வதற்கு முன்பே சார்ஜ் போடுவது என் வழக்கம். தினமும் நாற்பது நிமிடம் ஓட்டுவதால் ஞாயிறு மாலையும் புதன் மாலையும். கைபேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். பல மாதம் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். சிஆர்2032 போன்ற பொத்தான் பேட்டரி போடும் சின்ன விளக்கு ஒன்று எப்போதும் பையின் அடியில் கிடக்கட்டும். அந்தப் பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

விளக்கை எப்போது போடுவது? சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே. நமக்குச் சாலை தெரிகிறது என்பதால் தள்ளிப்போடுகிறோம், ஆனால் விளக்கு நமக்காக மட்டும் இல்லையே.

மேலங்கியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவையுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டாம், பட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டி வேண்டாம். தோளில் மஞ்சள் வெளுத்துக் கிரீம் நிறமாகிவிட்டால் அதற்கு வயதாகிவிட்டது.

11. உங்களைப் பின்னாலிருந்து பாருங்கள்

எல்லாம் பொருத்திய பிறகு, இருட்டியதும் ஒருவரை உங்கள் சைக்கிளில் ஏற்றுங்கள். உங்கள் பை, உங்கள் மழைக்கோட்டு, உங்கள் மேலங்கி எல்லாவற்றையும் அவரே போட்டுக்கொள்ளட்டும். வண்டிகள் வராத இடத்தில் நூறு மீட்டர் தள்ளி மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் நிறுத்திய காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, முகப்பு விளக்கைக் கீழ்நிலையில் வைத்துப் பாருங்கள். கார் இல்லையென்றால் கைபேசியில் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தால்கூட ஓரளவு தெரியும். பின்னால், முன்னால், இரண்டு பக்கம் என்று நான்கு முறை. பத்து நிமிட வேலை. நான் இதை முதல் வாரமே செய்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பத்தி இருந்திருக்காது.

12. எந்த விளக்கும் உதவாத இரண்டு இடங்கள்

லாரி, பஸ் இவற்றின் பக்கவாட்டிலும், மூக்குக்கு நேர் கீழேயும் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. அங்கே நீங்கள் விளக்குத் திருவிழாவாகவே நின்றாலும் பயனில்லை. சிக்னலில் அதன் ஓரமாக முன்னேறாமல், பின்னாலேயே நில்லுங்கள். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

இன்னொன்று, தாழ்ந்த சூரியன். காலையிலும் மாலையிலும் உங்கள் நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து உங்களை நோக்கி வருகிறவரின் கண்ணில் வெயில் நேராக அடிக்கிறது. நிழல் முன்னால் விழுந்தால் எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரியவில்லை, பின்னால் விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு. என் மாலைப் பாதையில் அரை கிலோமீட்டர் மேற்கு நோக்கிப் போகிறது. நிழல் எனக்குப் பின்னால் நீளமாக விழுகிற பருவத்தில், அந்த அரை கிலோமீட்டரை மட்டும் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறேன்.